நாளைய உடலுக்கு ஒரு நாற்காலி

சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பழைய புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருப்பவன் என்பதைத் தவிர வேறெந்தத் தகுதியும் இல்லாத என்னிடம் அவர் கேட்ட கேள்வி சற்று விநோதமானது. "அப்பாவுக்குச் சக்கர நாற்காலி வாங்க வேண்டும். எதை வாங்கலாம், சொல்லுங்கள்."

அவருடைய தந்தையார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மெல்ல மெல்ல மடிந்துபோகும் நோய் அவருக்கு வந்திருப்பதை மருத்துவர்கள் அப்போதுதான் உறுதி செய்திருந்தனர். அன்றைய நிலையில் அவர் கைத்தடியோடு தெருமுனை வரை நடந்துகொண்டிருந்தார். நண்பர் கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் நல்ல மனிதர். இடுப்பின் அகலம், தொடையின் நீளம், முழங்காலிலிருந்து பாதம் வரை எவ்வளவு, எடை என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாராம். "எல்லாம் கேட்டார். ஆறு மாதம் கழித்து அப்பா எப்படி இருப்பார் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இல்லை" என்றார் நண்பர்.

நாற்காலியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் மனத்தில் தைத்துவிட்டது. கேட்கப்படாத அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்க வேண்டுமல்லவா? தேடத் தொடங்கினேன். கண்டதைச் சொல்கிறேன்.

தேடலின் தொடக்கத்திலேயே ஒரு மன்னர் எதிர்ப்பட்டார். பாதி உலகைத் தன் ஆணையின் கீழ் வைத்திருந்த ஸ்பெயின் அரசர் இரண்டாம் ஃபிலிப். இறுதிக் காலத்தில் மூட்டுகளைப் பிடித்து முறுக்கும் 'கௌட்' என்ற நோயால் அவர் நடக்கவும் நிற்கவும் இயலாமல் போனார். (இது நரம்பு நோயன்று, ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் நாளுக்கு நாள் முற்றிக்கொண்டே போன நோய்.) அவருடைய அவையில் இருந்த ஜான் லெர்மிட் என்ற ஃபிளாண்டர்ஸ் நாட்டுக்காரர் 1595-ஆம் ஆண்டு அரசருக்காக ஒரு நாற்காலியை வடிவமைத்தார். அதன் ஓவியத்தைத் தம் நினைவுக் குறிப்புகளிலும் வரைந்து வைத்தார். மரம், தோல், சாதாரண இரும்பு, குதிரைமயிர் திணித்த மெத்தை, கால்களின் அடியில் சிறு உருளைகள், இவ்வளவுதான். அதன் சிறப்பு உருளைகளில் இல்லை. பற்கள் வெட்டிய இரும்புப் பட்டைகளின் உதவியால் முதுகுப்பலகையையும் கால்தாங்கியையும் படிப்படியாகச் சாய்க்கவும் உயர்த்தவும் முடிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் அரசரை, நாற்காலியை விட்டு இறக்காமலே, ஏறக்குறையப் படுத்த நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். 1598-இல் அவர் மறையும்வரை நோய் ஒவ்வொரு படியாக இறங்கியது. நாற்காலியும் அதற்கேற்ப ஒவ்வொரு பல்லாகச் சாய்ந்தது.

நோயாளியின் உடல் மாறும், ஆகவே நாற்காலியும் மாற வேண்டும் என்ற எண்ணம் 1595-லேயே ஒருவருக்குத் தோன்றிவிட்டது. பின்னர் மூன்றரை நூற்றாண்டுகள் அந்த எண்ணம் ஏன் ஓரமாகவே நின்றது என்பதுதான் என்னை ஈர்த்த புதிர்.

நியூரம்பர்க் நகருக்கு அருகிலுள்ள ஆல்ட்டார்ஃப் என்ற ஊரில் ஸ்டெஃபான் ஃபார்ஃப்லர் என்ற கடிகாரத் தொழிலாளர் வாழ்ந்தார். கால்கள் பயன்படாதவர். 1655-இல், தம் 22-ஆம் வயதில், தமக்குத் தாமே ஒரு மூன்றுசக்கர வண்டியைச் செய்துகொண்டார். கைகளால் ஒரு பிடியைச் சுழற்றினால் பற்சக்கரங்கள் முன்சக்கரத்தை உருட்டும். கடிகாரத்தின் உள்ளே ஓடுவதைப் பெரிதாக்கித் தெருவில் ஓடவிட்டார் எனலாம். தள்ள ஏவலர் வேண்டாம், குதிரை வேண்டாம். மன்னரின் நாற்காலியில் இல்லாத ஒன்று ஏழைத் தொழிலாளரின் வண்டியில் இருந்தது. ஆனால் அது வலிமை குன்றாத இரண்டு கைகளை எதிர்பார்த்தது.

பின்வந்த வரலாறு பெரும்பாலும் ஃபார்ஃப்லரின் வழியிலேயே சென்றது. லண்டனில் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜான் ஜோசஃப் மெர்லின் என்ற கருவி வல்லுநர், கைப்பிடிகளின் நுனியிலிருந்த திருகுகளைச் சுழற்றி அறைக்குள் நகரும் நாற்காலி ஒன்றை உருவாக்கினார். அவர் பெயராலேயே அது நெடுங்காலம் விற்பனையாயிற்று. (சக்கரக் காலணிகளைச் செய்ததாகவும் இவருக்குப் பெயர் உண்டு. விருந்தொன்றில் வயலின் வாசித்தபடியே அவற்றில் உருண்டுவந்து, நிற்கத் தெரியாமல் ஒரு பெரிய நிலைக்கண்ணாடியில் மோதி உடைத்தார் என்பது லண்டன்வாசிகள் சொல்லிச் சிரித்த கதை.) வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற பாத் நகரில் ஜான் டாஸன் 1783-இல் செய்த வண்டி 'பாத் நாற்காலி' ஆயிற்று. பின்னால் இரு சக்கரங்கள், முன்னால் ஒரு சிறு சக்கரம். ஆள் ஒருவர் இழுப்பார் அல்லது தள்ளுவார். திசையை மட்டும் அமர்ந்திருப்பவர் ஒரு நீண்ட பிடியால் திருப்பிக்கொள்வார். போகுமிடத்தை முடிவு செய்யும் உரிமையை அமர்ந்தவரிடமே விட்டுவைத்த அந்தச் சிறு பிடி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இன்றைய தள்ளு நாற்காலிகளில் அது இல்லை.

இந்தக் கருவிகளை நம்பியிருந்தோரில் எத்தனை பேர் நரம்பு நோயாளிகள் என்று கணக்கிட வழியில்லை. ஏனெனில் அந்நோய்களுக்கு அப்போது பெயரே கிடையாது.

முதற்பெயர் 1817-இல் வந்தது. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதத்தைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் அவர் விவரித்த நோயாளிகள் மொத்தம் ஆறு பேர். அவர்களிலும் சிலரைத் தெருவில்தான் கண்டார்! ஒருவரைத் தொலைவில் நின்று பார்த்தது மட்டுமே. ஆனால் அந்தச் சில வரிகள் ஒரு முழுக் காட்சியையே கண்முன் நிறுத்துகின்றன. நோயாளிக்கு எதிரே பணியாள் நிற்கிறார்; இரு கைகளையும் அவர் தோள்களில் ஊன்றியிருக்கிறார். நோயாளி முன்னும் பின்னுமாக மெல்ல ஆடி ஆடி ஒரு சமநிலைக்கு வருகிறார். பிறகு சைகை கொடுக்கிறார். உடனே அவர் கால்கள் ஓடத் தொடங்குகின்றன; நடை என்பது அவருக்கில்லை, ஓட்டம் மட்டுமே. பணியாள் சட்டென்று விலகி, முந்திக்கொண்டு ஓடி, ஏறத்தாழ இருபது அடிகளுக்கு அப்பால் அவர் விழுமுன் தாங்கிப் பிடிக்கக் காத்திருக்கிறார்.

அந்தப் பணியாளின் பெயரை வரலாறு பதியவில்லை. பார்க்கின்சன் நோயாளிகளுக்கான மிகச் சிறந்த நடைக்கருவி எது என்று என்னைக் கேட்டால் அவரைத்தான் சொல்வேன். எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும், எங்கே போய் நிற்க வேண்டும் என்ற மூன்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. மரத்தாலும் இரும்பாலும் அதைச் செய்வதற்குப் பிறகு எவ்வளவோ முயன்றிருக்கிறார்கள்.

அவற்றுள் ஒரு முயற்சி பாரிஸில் நடந்தது. சல்பெத்ரியேர் மருத்துவமனையின் பேராசிரியர் ஷார்க்கோ, இந்நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரைச் சூட்டியவர். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனும் நரம்புறைச் சிதைவு நோயையும், நம் நண்பரின் தந்தைக்கு வந்துள்ள நோயையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியவரும் அவரே. நெடுந்தூரம் குதிரை வண்டியிலோ இரயிலிலோ குலுங்கிக்கொண்டு வந்த பார்க்கின்சன் நோயாளிகள், இறங்கியதும் உடல் இலகுவாக இருப்பதாகச் சொல்வதை அவர் கவனித்தார். விளைவாக, எங்கும் போகாமல் நின்ற இடத்திலேயே குலுங்கும் நாற்காலி ஒன்றைச் செய்வித்தார். 1892-இல் அதைப் பற்றி விரிவுரையும் ஆற்றினார். 2012-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் புதிய அதிர்வு நாற்காலியைக் கொண்டு அதைச் சோதித்தபோது, அதிர்ந்த நாற்காலியில் அமர்ந்தவர்களைப் போலவே அதிராத நாற்காலியில் அமைதியாக அமர்ந்திருந்தவர்களும் ஓரளவு தேறினார்களாம்.

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய இருவருக்கு வருகிறேன்.

முதலாமவர் அகஸ்டஸ் டெஸ்ட்டே. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரன். தந்தையின் திருமணத்தை அரச குடும்பத் திருமணச் சட்டம் செல்லாததாக்கிவிட்டதால் இளவரசர் பட்டம் கிட்டாதவர். 1822 டிசம்பரில், 28 வயதில், உறவினர் ஒருவரைக் காண ஸ்காட்லாந்து சென்று, அவருடைய இறுதிச் சடங்கில் கலந்துகொள்ள நேர்ந்தவருக்குத் திடீரென்று பார்வை மங்கியது. பிறகு தானாகவே தெளிந்தது. 1827-இல் ஃபிளாரன்ஸ் நகரில் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. தொடர்ந்து கால்கள் தளர்ந்தன. அதுவும் ஓரளவு மீண்டது. இவ்வாறு வந்தும் போயும், ஆனால் ஒவ்வொரு முறையும் எதையோ எடுத்துக்கொண்டும் சென்ற நோயை 1846 வரை அவர் எழுதிவைத்தார். அது நரம்புறைச் சிதைவு நோய் என்பது இன்று படிப்பவர்க்கு விளங்கும். அவருக்கு விளங்க வாய்ப்பில்லை. ஷார்க்கோ அதை வரையறுத்தது அவர் மறைந்து 20 ஆண்டுகள் கழித்து, 1868-இல். குறிப்புகள் நூலாக வெளிவந்ததோ 1948-இல்.

மருத்துவர்கள் அவருக்கு அட்டை கடிக்க வைத்தனர், தைலம் தேய்த்தனர், தாதுநீரில் குளிப்பாட்டினர், நாளுக்கு இருவேளை மாட்டிறைச்சியும் மதுவும் அருந்தச் சொன்னார்கள். கைத்தடியிலிருந்து தொடங்கி, 1840-களின் நடுவில் சக்கர நாற்காலிக்கு வந்து சேர்ந்தார். இந்த இருபதாண்டுப் பயணத்தில் எந்த ஓரிடத்திலும் அடுத்தது என்ன என்று அவருக்குத் தெரியாது. இன்றைக்குச் சரிந்த கால் அடுத்த மாதம் எழுந்துவிடலாம், முன்பு எழுந்திருக்கிறதே! அப்படிப்பட்டவர் எந்தக் கருவியை எப்போது தேர்ந்தெடுப்பார்? தேவையான நாளுக்கு மறுநாள்தான். நம்பிக்கையுள்ள எந்த நோயாளியும் அப்படித்தான் செய்வார். நோயின் பெயரும் போக்கும் தெரிந்திருக்கும் இக்காலத்திலும் கைத்தடியை வாங்கியவர்கள் அதைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைப்பதை நாம் பார்க்கிறோம். கருவி என்பது எதிர்காலத்திலிருந்து வந்த கடிதம் போன்றது. பிரிக்க மனம் வருவதில்லை.

(உண்மையிலேயே கடிதத்தைப் பிரித்தவர் ஒருவர் உண்டு. பார்பெல்லியன் என்ற புனைபெயரில் நாட்குறிப்பு எழுதிய ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் 1915-இல் இராணுவ மருத்துவச் சோதனைக்குச் சென்றார். தம் மருத்துவர் உறையிலிட்டு ஒட்டிக் கொடுத்திருந்த கடிதம் தேவைப்படாமல் போகவே, வழியில் அதைப் பிரித்தார். தமக்கு என்ன நோய் என்பதை அதில்தான் அறிந்தார். மனைவிக்கோ முன்னமே தெரிந்திருந்தது.)

இரண்டாமவர் கவிஞர் ஹைன்ரிச் ஹைன. 1848 மே மாதம், பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் கைகளற்ற வீனஸ் சிலையின் முன் அவர் நிலைகுலைந்து வீழ்ந்தார். அதன்பின் எட்டாண்டுகள், 1856 பிப்ரவரியில் மறையும்வரை, அவர் தம் கால்களால் வெளியே நடக்கவில்லை. அது என்ன நோய் என்பதில் அறிஞர்கள் இன்றளவும் ஒருமனப்படவில்லை. ஆனால் படிப்படியாக ஏறிய வாதம் என்பதில் ஐயமில்லை. இமையும் செயலிழந்ததால் பார்க்க வேண்டுமானால் விரலால் தூக்கிப் பிடிக்க வேண்டும். அடுக்கிய மெத்தைகளின் மேல் கிடந்தார். அதை மெத்தைக் கல்லறை என்று அவரே அழைத்தார். பணிப்பெண் அவரைக் குழந்தையைப் போலத் தூக்கி வேறிடத்தில் கிடத்துவாள். அந்தக் கிடப்பில், பெரிய தாள்களில் பென்சிலால் எழுதியதும் சொல்லி எழுதவைத்ததும்தான் 1851-இல் வெளியான 'ரோமன்ஸெரோ' தொகுப்பு.

பாத் நாற்காலியும் மெர்லின் நாற்காலியும் விற்பனையில் இருந்த காலம் அது. ஆனால் நிமிர்ந்து உட்கார முதுகில் வலுவும் திருகைச் சுழற்றக் கையில் வலுவும் இருந்தால்தான் அவற்றால் பயன். ஹைனவுக்கு ஏற்றது, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் மன்னருக்காகச் செய்யப்பட்ட நாற்காலிதான்.

இருபதாம் நூற்றாண்டு சக்கர நாற்காலியை முற்றிலும் புதிதாக்கியது. அந்தக் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பல இடங்களில் எழுதப்பட்டதுதான். 1918-இல் சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்த பொறியாளர் ஹெர்பர்ட் எவரெஸ்ட், நண்பர் ஹாரி ஜென்னிங்ஸுடன் சேர்ந்து 1933-இல் காரில் வைக்கும்படி மடியும் உலோக நாற்காலியைச் செய்தார். அடியில் குறுக்காகப் பின்னிய இரு சட்டங்கள். நடுவில் தூக்கினால் மடிந்துவிடும். இன்று உலகின் எந்த மருத்துவமனை வாசலிலும் நிற்கும் நாற்காலி அதன் வழித்தோன்றலே. இரண்டாம் உலகப் போரில் தண்டுவடம் முறிந்த வீரர்கள், புதிதாக வந்த பெனிசிலின் முதலிய மருந்துகளால் உயிர்பிழைத்தார்கள். முந்தைய போரில் அத்தகையோர் பெரும்பாலும் சில மாதங்களில் இறந்துபோனார்கள். 1942-இல் தியேப் கடற்கரைத் தாக்குதலில் காயமுற்ற ஜான் கௌன்செல் போன்றோர் கனடாவில் இவர்களுக்காகக் குரலெழுப்ப, அந்நாட்டுத் தேசிய ஆய்வு மன்றத்தின் ஜார்ஜ் கிளைன் 1950-களில் மின்சார நாற்காலியை உருவாக்கினார். இரு சக்கரங்களுக்கும் தனித்தனி மோட்டார், திசைதிருப்ப ஒரு சிறு குச்சி. இன்று 'ஜாய்ஸ்டிக்' என்கிறோமே, அதேதான். 1956 முதல் எவரெஸ்ட்–ஜென்னிங்ஸ் நிறுவனம் மின் நாற்காலிகளைத் தொழிற்சாலையில் செய்து விற்றது.

இவையெல்லாம் பெரும் சாதனைகள். ஆயினும் யாரை மனத்தில் வைத்து இவை செய்யப்பட்டன என்பதைக் கவனியுங்கள். சுரங்கத் தொழிலாளர், போர்வீரர். ஒரே நாளில், ஒரே நொடியில் உடல் மாறியவர்கள். அந்த நாளுக்குப் பின் அவர்கள் உடல் ஏறக்குறைய அதே நிலையில் நின்றுவிட்டது. அவர்களை ஒருமுறை அளந்தால் போதும். கடைக்காரரின் அளவுநாடா அந்த மரபிலிருந்து வந்தது. மன்னர் ஃபிலிப்பின் பல்பட்டை மறக்கப்பட்டதற்கு வேறு சூழ்ச்சி ஏதுமில்லை. போருக்கு ஆளனுப்பிய அரசுகளுக்கு வீரர்களிடம் கடமை இருந்தது. பணம் அவர்களுக்காகச் செலவாயிற்று. மெல்ல மெல்ல நலிபவர்களுக்கு அப்படிக் கேட்க யாருமில்லை.

பணம் கொடுப்பவரே கருவியைத் தேர்ந்தெடுப்பார் என்பதற்கு பிரிட்டனின் இன்வாகார் நல்ல சான்று. 1948-க்குப் பிறகு அங்கே அரசு இலவசமாக வழங்கிய வெளிர்நீல மூன்றுசக்கர மோட்டார் வண்டி அது. ஒரே ஓர் இருக்கை. மனைவியையோ குழந்தையையோ அருகில் அமர்த்த முடியாது. கைகளில் வலு குறைந்தவர் ஓட்ட முடியாமல் போகும் நாளில், அருகில் அமர்ந்து ஓட்டிச்செல்லத் துணைக்கும் இடமில்லை. அந்த வண்டி வேண்டாம், அதற்குரிய பணத்தைக் கொடுங்கள் என்று பலர் நெடுநாள் கேட்டார்கள். 1976-இல்தான் போக்குவரத்துக்கென உதவித்தொகை வந்தது. எஞ்சியிருந்த வண்டிகள் 2003 மார்ச் 31-இல் சாலையிலிருந்து விலக்கப்பட்டன.

இனி ஸ்டீஃபன் ஹாக்கிங். இவரைப் பற்றி எழுதாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது. எழுதினால் தெரிந்ததையே எழுதுகிறேன் என்பீர்கள். கருந்துளைகளை விட்டுவிடுவோம். அவர் அமர்ந்திருந்த நாற்காலிகளை மட்டும் பார்ப்போம்.

1963-இல், 21 வயதில், நோய் கண்டறியப்பட்டது. நண்பரின் தந்தைக்கு வந்துள்ள அதே நோய். ஆனால் அவரிடம் அது வியக்கத்தக்க மெதுவாக நகர்ந்தது. கைத்தடி, பிறகு ஊன்றுகோல்கள். சக்கர நாற்காலியை அவர் ஆண்டுக்கணக்கில் மறுத்தார். இரவில் படுக்கைக்குச் செல்ல மாடிப்படிகளில் கைகளால் தன்னையே இழுத்துக்கொண்டு ஏறுவார். உதவ வந்தால் பிடிக்காது. 1960-களின் இறுதியில்தான் நாற்காலிக்கு இசைந்தார். ஒரு மூன்றுசக்கர மின்வண்டி கேம்பிரிட்ஜ் தெருக்களில் அவரை மிதிவண்டி வேகத்தில் கொண்டுசென்றது. 1974-இல் ஓராண்டுக்குக் கலிஃபோர்னியா சென்றபோது மின்சார நாற்காலி கிடைத்தது. தள்ளுவதற்கு ஆளைத் தேடவேண்டிய நிலை நீங்கியது.

மறுத்துவந்தவர் அதன்பின் அதை எப்படி ஓட்டினார் என்பதற்குக் கதைகள் பல. 60-ஆம் பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருக்கையில் நாற்காலியோடு சுவரில் மோதி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். 2001-இல் அவர் டெல்லி வந்தபோது பழைய நினைவுச்சின்னங்களில் அவருக்காக அவசர அவசரமாகச் சாய்தளங்கள் போடப்பட்டன. அவர் வராவிட்டால் யாருக்காகப் போட்டிருப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

1975-இல் கேம்பிரிட்ஜ் திரும்பியபோது அவர் செய்த தேர்வு ஒன்று, எந்த நாற்காலியையும்விட முக்கியமானது என்று நினைக்கிறேன். படிகள் நிறைந்த பழைய வீட்டை விட்டுவிட்டு, வெஸ்ட் ரோட்டில் கல்லூரிக்குச் சொந்தமான ஒரு கட்டடத்தின் தரைத்தளத்திற்குக் குடிபெயர்ந்தார். கதவுகள் அகலமானவை. நாற்காலி தடையின்றி நுழையும்.

1985-இல் ஜெனீவாவில் நுரையீரல் அழற்சி வந்து, மூச்சுக்குழலைத் துளையிட நேர்ந்ததால் குரல் போயிற்று. வால்ட் வோல்ட்டோஸ் என்ற அமெரிக்கர், இதே நோயால் பேச்சிழந்த தம் மாமியாருக்காக முன்பே ஒரு மென்பொருள் எழுதியிருந்தார், அதை அனுப்பிவைத்தார். செவிலியரின் கணவரான டேவிட் மேசன், சிறு கணினியொன்றை நாற்காலியிலேயே பொருத்தினார். அன்று முதல் அந்த நாற்காலி அவருடைய கால்களாக மட்டுமன்றி எழுதுமேசையாகவும் குரலாகவும் ஆயிற்று. விரலால் அழுத்திய பொத்தான் 2008-இல் கையும் தளர்ந்தபோது மாறியது. மூக்குக்கண்ணாடியில் பொருத்திய உணரி கன்னத்துத் தசையின் அசைவைப் படித்தது. அவர் பயன்படுத்திய சிவப்பு நாற்காலி ஒன்று, அவர் மறைந்த 2018-ஆம் ஆண்டிலேயே லண்டன் ஏலத்தில் 2,96,750 பவுண்டுக்கு விலைபோனது.

இந்தக் கதையில் எனக்குப் பாடமாகப் பட்டது அவருடைய மனவலிமை அன்று; மனவலிமையைக் கடையில் வாங்க முடியாது. நாற்காலியின் ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியாகக் கழற்றி மாற்றக்கூடியதாக இருந்தது என்பதே. கை போனால் பொத்தானை மாற்று, நாற்காலியை மாற்றாதே. இன்று இந்நோய்க்காரர்களுக்கு நாற்காலி தேர்ந்தெடுக்கும் வல்லுநர்கள் இதையே முதல் விதியாகக் கொள்கிறார்கள். விலை குறைந்த மின் நாற்காலிகளில் கட்டுப்பாட்டுக் கருவி கைக்குச்சியோடு முடிந்துவிடும். அதைத் தாடையாலோ தலையாலோ மூச்சாலோ இயக்கும்படி பின்னாளில் மாற்ற வழியிராது. கை ஓய்ந்த நாளில் முழு நாற்காலியும் பழைய இரும்பாகிவிடும். அதேபோல, முதுகுப்பலகை மட்டும் சாய்வது வேறு. அமர்ந்த கோணம் மாறாமல் இருக்கை முழுவதும் பின்னால் சாய்வது வேறு. முன்னதில் உடல் வழுக்கித் தோல் உராயும். பின்னதில் எடை இடுப்பிலிருந்து முதுகுக்கு மாறும், அமர்ந்தே இருப்பதால் வரும் புண் தள்ளிப்போகும். தானாகப் புரள முடியாதவருக்கு இது சொகுசன்று, தேவை.

இவ்விதி எல்லா நரம்பு நோய்க்கும் பொருந்தாது. பார்க்கின்சன் நோயில் சிக்கல் வலுவின்மையன்று, தொடங்குவதும் நிறுத்துவதுமே. சாதாரண நடைச்சட்டத்தை ஒவ்வோர் அடிக்கும் தூக்கி வைக்கச் சொன்னால், தட்டுத் தடுமாறிக் கோர்த்த நடை அறுந்துவிடும். எளிதில் உருளும் சக்கரச் சட்டமோ அவரை இழுத்துக்கொண்டு ஓடிவிடும். ஆகவே அவர்களுக்கென வந்த சட்டங்களில் தடை தலைகீழாக இருக்கிறது: பிடியை அழுத்தினால்தான் சக்கரம் உருளும், விட்டால் நின்றுவிடும். லண்டன் மருத்துவர் பர்டன் மார்ட்டின் 1967-இல் வெளியிட்ட நூலில், தரையில் குறுக்குக் கோடுகள் வரைந்தால் உறைந்த கால்கள் அவற்றைத் தாண்டி நடப்பதைக் காட்டினார். கைத்தடியைத் தலைகீழாகப் பிடித்து, தரையில் கிடக்கும் வளைபிடியைத் தாண்டி முதலடி வைக்கும் நோயாளிகளும் உண்டு. நரம்புறைச் சிதைவு நோயிலோ காலையில் நடப்பவர் மாலையில் சோர்வால் நடக்க மாட்டார்; வெயிலில் சோர்வு இரட்டிக்கும். அவருக்குக் கைத்தடியும் வேண்டும், நாற்காலியும் வேண்டும். நாற்காலியில் வந்தவர் எழுந்து நின்றால் பார்ப்பவர்கள் பாசாங்கு என்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு அஞ்சியே நாற்காலியைத் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

நோயாளியே கருவியைக் கண்டுபிடித்த நிகழ்ச்சி ஒன்றை ஆலிவர் சாக்ஸ் 1985-இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். பார்க்கின்சன் நோயுள்ள 93 வயது முதியவர், முன்னாள் தச்சர். ஒருபக்கமாகச் சாய்ந்து நடப்பார், ஆனால் சாய்ந்திருப்பது அவருக்குத் தெரியாது. படம்பிடித்துக் காட்டியதும் திகைத்தார். பிறகு, தச்சர்கள் மட்டம் பார்க்கும் கருவியை நினைத்துக்கொண்டார். உள்ளே குமிழ் நிற்குமே, அதைச் சிறிதாக்கி மூக்குக்கண்ணாடியின் முன்னால் பொருத்த முடியுமா என்று கேட்டார். செய்து கொடுத்தார்கள். குமிழைப் பார்த்தபடி நிமிர்ந்து நடந்தார்.

நண்பருக்கு இவற்றையெல்லாம் ஒரு மாலை முழுவதும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மின் நாற்காலியை அவசரப்பட்டு வாங்காமல், இப்போதைக்குத் தள்ளு நாற்காலி ஒன்றை மாத வாடகைக்கு எடுத்திருக்கிறார். அதை வெளியே செல்ல மட்டும் பயன்படுத்துவதென்று தந்தையார் நிபந்தனை விதித்திருக்கிறாராம். மின் நாற்காலிக்குப் பதிந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்; கை முழுதும் ஓயும்வரை காத்திராமல், ஓட்டிப் பழகக் கையில் வலுவிருக்கும்போதே அது வீட்டுக்கு வர வேண்டும்.

சென்ற ஞாயிறன்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் இரண்டு படிகள். உள்ளூர் ஆசாரி ஒருவர் சாய்தளத்துக்கு நீளம் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயா திண்ணையில் அமர்ந்து, சரிவு அதிகம், இன்னும் நீட்ட வேண்டும் என்று திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்காலியின் அகலம் 25 அங்குலம். ஆசாரி உள்ளே போய்க் கழிப்பறைக் கதவை அளந்துவிட்டு வந்தார். இருபத்து நான்கு. நிலையைப் பெயர்க்க வேண்டும் என்றார். புதன்கிழமை வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.